நமுனுகுலை ஏறுகிறவர்கள்

பதுளை பஸ் நிலையத்தில் இறங்கித் தென்கிழக்கே பார்த்தால் நமுனுகுலை தெரியும். தெரியாவிட்டால், அது நிற்கும் இடத்தில் மேகம் தெரியும். நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர் உயரத்தில், பதுளு ஓயா மூன்று பக்கமும் சுற்றி ஓட, பள்ளத்தில் கிடக்கிறது. மலையின் உச்சி 2,000 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. இடைப்பட்ட அந்த ஏற்றத்துக்குள் வெயிலும் காற்றும் மூடுபனியும் மழையும் ஒரே பகலில் வந்து போகும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரைப் பாகை குளிர் கூடும் என்பது பொதுக் கணக்கு. பதுளையில் சட்டை நனைய வேர்த்துப் புறப்பட்டவர், மேலே போய்ச் சேரும்போது பற்கள் தந்தியடிக்க நிற்பார்.

அந்த மலைக்குக் கீழே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். படித்து, ஆசிரியராகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். அறுபதுகளில் பையனாக ஏறிய அதே மலையில் இன்றும் ஏறுகிறேன். அன்று எங்களோடு ஏறியவர்கள் வேறு, இன்று ஏறுகிறவர்கள் வேறு. அன்று, காட்டு மிருகத்தின் கண்ணில் படாமல் போய்வர வேண்டுமே என்று நெஞ்சு படபடக்க ஏறினோம். இன்று, ஒரு மிருகமாவது கண்ணில் படாதா என்று காசு கொடுத்து ஏறுகிறார்கள். இந்த அரை நூற்றாண்டில் மலையில் என்ன கைமாறியது, என்ன கைநழுவியது என்பதைச் சொல்ல வேண்டும் என்று நீண்ட காலமாக நினைத்திருந்தேன்.

அன்று சும்மா மலையேறுவது என்ற பேச்சே தோட்டத்தில் கிடையாது. வாரத்தில் ஆறு நாளும் அம்மாவும் அத்தைமாரும் தலையில் கூடைக் கயிறு அழுந்த ஏறி இறங்கினார்கள். ஏழாவது நாள் விறகுக்கு ஏறினார்கள். பீலிக்கரையில் முகம் கழுவி, இஸ்டோருக்குப் பின்னால் குறுக்குப் பாதையில் திரும்பி, கவ்வாத்து வெட்டிய மலையையும் கொழுந்து மலையையும் கடந்தால் தேயிலையின் தொங்கல் வரும். அதற்கு மேலே மானாப்புல் அசையும் பத்தனை. அதற்கும் மேலே காடு. வெள்ளைக்காரத் துரையின் குதிரைப்பாதை ஒன்று காட்டோரமாகப் போகும். அதில் தோட்டத்துப் பிள்ளைகள் நடந்தால் கண்டக்டர் ஐயா அதட்டுவார். விறகு வெட்டுவதற்கும் நாள் குறித்திருந்தார்கள்.

மேலே காடு மிஞ்சியதற்கு ஒரு காரணம் உண்டு. 1840களில் கோப்பி நடுவதற்காக இந்தச் சரிவுகளை வெட்டி எரித்துக்கொண்டே மேலேறினார்கள். 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது. 1873இல், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் சொன்ன ஆலோசனையை ஏற்று, 5,000 அடிக்கு மேலே காடு அழிப்பதைக் குடியேற்ற அரசு நிறுத்தியது. கோப்பி செத்துத் தேயிலை வந்தது. தேயிலையும் பல இடங்களில் அந்த உயரத்தை முட்டியது, தாண்டவும் செய்தது. ஆனாலும் மலைமுகடுகளில் காடு ஒரு தொப்பியாகத் தங்கியது. பதுளையிலும் பசறையிலும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதற்கு அந்தத் தொப்பிதான் ஆதாரம். அதற்குள்தான் மரையும் கேளையாடும் காட்டுப்பன்றியும் சிறுத்தையும் ஒதுங்கின. அதன் கீழ்விளிம்பை ஒட்டி எங்கள் லயங்கள் இருந்தன. மிருகத்தையும் எங்களையும் ஒரே சரிவில் கொண்டுவந்து சேர்த்தது அந்தக் கோப்பிக்காலம்.

என் பெரியப்பா தோட்டத்து வாச்சர். விறகுக்குப் போகும் கூட்டத்துக்கு அவர்தான் முன்னால் நடப்பார். மழைக்காலத்தில் புறப்படும்முன் ஒரு சடங்கு மாதிரி நடக்கும். முழங்காலுக்குக் கீழே ஈரச் சவர்க்காரத்தை வெள்ளையாகப் படியும்வரை தேய்ப்பார். வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, மென்ற புகையிலைச் சாற்றோடு குழைத்து, கால்விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாகப் பூசுவார். எங்களையும் கூப்பிட்டு வரிசையாக உட்காரவைத்துப் பூசிவிடுவார். “அட்டை கடிச்சா பிச்சு எறியாதடா. சுண்ணாம்பு வையி, தானா விழும். பிச்சா பல்லு உள்ள தங்கிப் புண்ணாப் போயிரும்” என்பார். தலைக்குச் சாக்கை மடித்துக் கொங்காணி. கையில் கத்தி. மடியில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். அவ்வளவுதான் எங்கள் மலையேற்றச் சாமான்.

தேயிலை முடிகிற இடத்தில் அவர் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்துவார். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம் யாரும் பேசக் கூடாது. அவர் அங்கே நின்று கேட்பார். முதலில் காற்று, பிறகு தண்ணீர், அதன் பிறகு உயிர்கள். மரத்து உச்சியில் மந்தி கனத்த குரலில் விட்டுவிட்டுக் கத்தினால், அது கீழே எதையோ பார்த்துவிட்டது என்று அர்த்தம். கேளையாடு நாய் போலக் குரைத்தால், அது கத்தும் திசைக்குப் போகக் கூடாது. காட்டுக்கோழி சடசடவென்று எழும்பினால் புல்லுக்குள் ஏதோ நகர்கிறது. “மந்தி கத்துனா மேல பாக்காத, கீழ பாரு. கேளை கத்துனா நின்னுரு. ஒண்ணுமே கத்தலன்னா வந்த வழியா திரும்பிரு” என்று சொல்லிக்கொடுத்தார். எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த ஆசிரியர்கள் பலர். காட்டை வாசிக்கச் சொல்லித்தந்தவர் அவர் ஒருவர்தான்.

குதிரைப்பாதையில் ஒரு நாள் அவர் திடீரென்று குந்தினார். முந்தின இரவு பெய்த மழையில் செம்மண் குழைந்து கிடந்தது. அதில் ஒரு காலடி. நான்கு விரல், பின்னால் அகன்ற பாதம், அந்தப் பாதத்தின் பின்விளிம்பு மூன்று வளைவாகப் பிரிந்திருந்தது. விரல்களுக்கு முன்னால் நகம் கீறிய அடையாளமே இல்லை. “நாய்க்காலா இருந்தா நகம் விழும். பூனைச்சாதி நகத்த உள்ள இழுத்து வச்சிக்கிட்டு நடக்கும்” என்று காதோடு சொன்னார். பள்ளத்தின் ஓரத்திலிருந்து தண்ணீர் அப்போதுதான் மெல்ல ஊறி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கத்தியின் நுனியால் காட்டினார். போய் நேரமாகியிருந்தால் பள்ளம் நிறைந்திருக்கும், விளிம்பும் உடைந்திருக்கும். “இப்பத்தான் போயிருக்கு. நம்ம சத்தங் கேட்டு ஒதுங்கிருக்கு. அதுக்கும் வழி வேணும்ல, போக விடு.” நாங்கள் அங்கேயே உட்கார்ந்து ரொட்டியைத் தின்றுவிட்டு, வேறு பக்கத்தால் சுற்றிப்போனோம். எட்டுப் பத்துப் பேர் கத்தியோடு இருந்தோம். ஒருவர்கூடத் துரத்துவோம் என்று சொல்லவில்லை.

வானத்தையும் அவர் அப்படித்தான் வாசித்தார். பதுளை இருக்கும் ஊவாவின் மழை மலையகத்தின் மேற்குப் பக்கத்து மழை அல்ல. ஜூன் தொடங்கி ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, அதே காற்று தண்ணீரை அங்கே இறக்கிவிட்டு, அப்புத்தளைக் கணவாய் வழியாக வறண்டு எங்கள் பக்கம் இறங்கும். அதுதான் கச்சான். உதடு வெடிக்கும், லயத்துத் தகரம் இரவெல்லாம் அடித்துக்கொள்ளும். அந்தக் காற்றில் தேயிலை இலை ஈரம் இழந்து தனக்குள் ஒரு வாசனையைச் சேர்த்துக்கொள்ளும். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பேர் வாங்குவது அதனால்தான். அந்த மூன்று மாதமும் மலை ஏற நல்ல காலம், ஆனால் புல் தீப்பிடிக்கும் காலமும் அதுவே. மார்ச், ஏப்ரலில் காலை கண்ணாடியாக இருக்கும், மத்தியானத்துக்கு மேல் இடி. ஒக்டோபரில் பிடிக்கிற மழை ஜனவரி வரை விடாது.

பெரியப்பாவுக்கு இந்த மாதக்கணக்கு போதாது. மணிக்கணக்கு வேண்டும். பசறைப் பள்ளத்திலிருந்து மூடுபனி தானாக மேலேறினால் பயமில்லை, அது வெயிலுக்குக் கலையும். உச்சியிலிருந்து கீழே இறங்கினால் கட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். மானாப்புல் திடீரென்று எதிர்ப்பக்கம் சாய்ந்து வெளுத்துக் காட்டினால் காற்று திரும்பிவிட்டது, அரை மணிக்குள் மழை. இடி கேட்டால் பத்தனையில் நிற்கக் கூடாது, தனி மரத்தடியிலும் ஒதுங்கக் கூடாது, சுமையை இறக்கிவிட்டுப் பள்ளத்தில் குந்த வேண்டும்.

இடிக்கு இங்கே ஆள் வித்தியாசம் தெரியாது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று அக்காலக் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் எழுதிவைத்திருக்கிறார். வேட்டை அன்றைய அதிகாரிகளுக்குப் பொழுதுபோக்கு. கோப்பித் தோட்டம் போடுகிறவர்களுக்கு யானை இடைஞ்சல், அதனால் அரசு அதைத் தடுக்கவும் இல்லை. 1845 ஜூனில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி ரொஜர்ஸ் இறந்தார். அவர் நினைவாகக் கட்டப்பட்ட புனித மாற்கு ஆலயம் பதுளை நகரில் இன்றும் இருக்கிறது. நானும் பல தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். யானை ஊவாவின் உயர்மலைகளுக்குத் திரும்பி வரவேயில்லை. ஊவாவில் மிருகம் பார்க்க மலையேறிய முதல் கூட்டம் துப்பாக்கியோடு ஏறியது என்பதை, இன்று கமெராவோடு ஏறுகிறவர்களை வரவேற்கும்போதும் நான் நினைத்துக்கொள்கிறேன். மாற்றம் நல்ல மாற்றம்தான். அதன் விலையை மிருகம் முன்கூட்டியே கொடுத்துவிட்டது.

பெரியப்பாவின் அறிவு இந்த மலையில் தங்கவில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், இந்திய வம்சாவளியினரான எங்கள் மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாகியது. பெரியம்மாவின் பெயருக்கும் பிள்ளைகளின் பெயருக்கும் இந்தியப் பாஸ்போட் வந்தது. எழுபதுகளில், 1973, 74 பஞ்சத்துக்குப் பிறகு, பதுளையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனார்கள். அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் ஆட்கள் செத்த அந்தக் காலத்தில், இதே காட்டிலிருந்து கிழங்கும் கீரையும் கொண்டுவந்து லயத்தில் பகிர்ந்து கொடுத்தவர் அவர். நீலகிரியில், தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில், கூடலூர்ப் பக்கம் வேலை கிடைத்தது. அங்கிருந்து வந்த கடிதத்தில் எழுதியிருந்தார்: இங்கே யானையும் கரடியும் உண்டு, மந்தி ஒன்றுதான் நம்ம ஊர் மாதிரி கத்துகிறது. அவரைப் போல எத்தனை வாச்சர்கள், எத்தனை விறகுக்காரிகள், எத்தனை மாடு மேய்த்தவர்கள் ஊவாவின் காடுகளைத் தலைக்குள் வைத்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள்! மலையகம் இழந்தவற்றில் இதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

இன்று அதே சரிவுகளுக்கு வேறு வாழ்வு வந்திருக்கிறது. எல்லவில் கோச்சி நின்றால் முதுகுப்பையோடு இறங்குகிறவர்கள்தான் அதிகம். எல்ல மலைக்கும், சின்னச் சிவனொளிபாதத்துக்கும், ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் விடியுமுன்னே வரிசை போகிறது. அப்புத்தளைக்கு மேலே டம்பதென்ன தோட்டத்து உச்சிக்கு லிப்டன் சீட் என்று பெயர். 1890இல் அந்தத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன் உட்கார்ந்து தன் தேயிலையைப் பார்த்த இடம். அப்புத்தளையிலேயே அடிசம் மாளிகையை அடுத்துத் தங்கமலைச் சரணாலயத்தில் பறவை பார்க்கத் தூரக்கண்ணாடியோடு வருகிறார்கள். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், அப்புத்தளை, எல்ல, தெமோதரை என்று சுற்றி, நுவரெலியாவில் முடிகிற பீக்கோ டிரெயில் என்ற நடைபாதை 300 கிலோமீட்டரைத் தாண்டும், 22 கட்டம். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் கொடுத்தன. பாதையில் பெரும்பகுதி புதிதாக வெட்டியதல்ல. தேயிலை ஏற்றிய பழைய வண்டிப்பாதைகளும், எங்கள் ஆட்கள் கொழுந்தோடு நடந்த தோட்டப் பாதைகளும்தான்.

அந்தப் பாதைகளில் அந்நியர் நடப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமே. மெதுவாக நடக்கிறார்கள், நின்று பார்க்கிறார்கள், பார்த்ததை மதிக்கிறார்கள். லிப்டன் உட்கார்ந்த கல்லுக்கு வரைபடத்தில் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே நூறு வருடமாகப் பெண்கள் கூடையை இறக்கி முதுகு நிமிர்த்திய கற்களுக்கும் பெயர் போட்டால் இந்த வரைபடம் முழுமையாகும். பாதையில் நடக்கிறவர் கேட்டால் எங்கள் பெண்களே அந்தப் பெயர்களைச் சொல்வார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு விடியலில், வழிகாட்டி வேலை செய்கிற இளைஞன் ஒருவனோடு நமுனுகுலைச் சரிவில் ஏறினேன். தோட்டத்தில் பிறந்தவன், அவன் அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாள். காலில் முழங்கால் வரைக்கும் துணியால் தைத்த அட்டை உறை. கழுத்தில் தூரக்கண்ணாடி. கைப்பேசியில் மழைப் படம்.

“சேர், ரெண்டு மணிக்குப் பொறவுதான் மழன்னு போன்ல காட்டுது” என்றான்.

“உன் கண்ணுக்கு என்ன தெரியுது தம்பி?”

நின்று உச்சியைப் பார்த்தான். “மூடுபனி எறங்குது சேர். எங்க அப்பாயி சொல்லும், எறங்குற பனிய நம்பாதன்னு. பதினொண்ணுக்கெல்லாம் புடிச்சிரும்.”

எனக்கு மனம் நிறைந்தது. கப்பல் ஏறாத ஒரு அப்பாயி எங்கோ ஒரு லயத்தில் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். சிறிது தூரம் போனதும் அவன் கையைத் தூக்கி நிறுத்தினான். ஒரு பட்ட மரத்துக் கிளையில் ஒரு குருவி. தலையில் கறுப்பும் வெள்ளையும் கோடு கோடாக, காதோரம் சாமந்தி இதழ் செருகியதுபோல மஞ்சள் கொத்து, உடம்பு ஒலிவ் பச்சை. தூரக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, “மஞ்சள்காதுச் சின்னான் சேர். இது இலங்கையத் தவிர வேற எங்கயும் இல்ல. அதுவும் மேட்டுக் காட்டுலதான் கூடுதலா இருக்கும்” என்றான். நான் சிறுவயதில் நூறு தடவை பார்த்த குருவி. இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் அதற்கு வீடு இல்லை என்பது பெரியப்பாவுக்குத் தெரியாது, எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் சிறுத்தையும் இலங்கைக்கே உரிய இனப்பிரிவு, அதற்கு மேலே வேட்டையாடும் வேறு மிருகம் இந்தக் காட்டில் இல்லை, அது இல்லாமற்போனால் பன்றியும் மரையும் பெருகிக் காட்டின் கன்றையே தின்றுவிடும் என்றெல்லாம் அவன் வரிசையாகச் சொன்னான். நாங்கள் பயந்து ஒதுங்கிய ஒன்றை அவன் தெரிந்து ஒதுங்குகிறான். இந்த ஐம்பது ஆண்டில் வந்த மாற்றங்களில் நான் முழுமனதோடு கொண்டாடுவது இதைத்தான்.

மழை பதினொன்றுக்கு முன்னரே பிடித்தது.

கொண்டாட முடியாதவையும் மலையில் இருக்கின்றன. தோட்டங்களில் ஆள் குறைந்து, பல மலைகள் கவ்வாத்து இல்லாமல் காடாகிக் கிடக்கின்றன. தேயிலைச் செடி மரமாக வளர்ந்து, கீழே புதர் மண்டி, அதற்குள் பன்றியும் முள்ளம்பன்றியும் குட்டி போடுகின்றன. அவற்றைத் தேடிச் சிறுத்தை வருகிறது. லயத்துப் பின்புறத்தில் குவியும் குப்பைக்கு நாய் வருகிறது, நாய்க்கும் சிறுத்தை வருகிறது. காலையில் கொழுந்துக்குப் போகும் பெண் செடிக்குள் கால் வைக்குமுன் இரண்டு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது. சிறுத்தையைவிடக் குளவிதான் அவளை அதிகமாக மருத்துவமனைக்கு அனுப்புகிறது. குளவிக் கொட்டுக்கு இலக்காகிச் செத்த தொழிலாளியின் செய்தி மலையகப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. மலையேற வருகிறவர் இந்த ஆபத்தைச் சில மணி நேரம் சந்திக்கிறார். அவள் ஆயுள் முழுவதும் சந்திக்கிறாள்.

மரக்கறித் தோட்டத்தைப் பன்றியிடமிருந்து காக்கவும், இறைச்சிக்காகவும், மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்குப் போடுகிறார்கள். கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அப்படியொரு சுருக்கில் சிக்கியது ஒரு கருஞ்சிறுத்தை. உயிரோடு மீட்டும் சில நாட்களில் இறந்தது. 1937ஆம் ஆண்டு முதல் வனவிலங்கைக் காக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் காட்டுக்குள் நடந்து போகாது. நடந்து போகிறவர்கள் எங்கள் ஆட்கள்தான். சுருக்கு எங்கே கிடக்கிறது என்று முதலில் காண்கிற கண்ணும் விறகுக்குப் போகிற பெண்ணின் கண்தான். அவளை ஒரு காவலாளியாக மதித்து, பன்றி அழித்த பாத்திக்கு ஒரு வழியும் செய்துகொடுத்தால் கம்பி குறையும்.

பத்தனைகளில் எழுபதுகளின் கடைசியிலிருந்து பைனஸ் நட்டார்கள். அதன் கீழே உதிரும் ஊசியிலை கச்சான் காலத்தில் வெடிமருந்தாகக் காய்ந்து கிடக்கும். புதுப்புல் முளைக்கட்டும் என்று வைக்கும் தீயும், வேட்டைக்காக வைக்கும் தீயும், அணையாமல் எறிந்த பீடியும் ஊவாவின் மலைகளை வருடா வருடம் கறுப்பாக்குகின்றன. எரிந்த மலையில் மண்ணைப் பிடிக்க வேர் இல்லை. ஒக்டோபர் மழை அங்கேதான் முதலில் இறங்குகிறது.

இந்த இடத்தில் மலையைப் பார்ப்பது பொழுதுபோக்கு என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கையால் லயத்து மக்கள் வேறிடம் போகவில்லை, போவதற்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணியும் அவர்களிடம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் பல இடங்களில் சரிந்தன. மீரியபெத்தையில் அழுத அழுகையை மலையகம் மறுபடியும் அழுதது.

சரியப்போகிற மலை அடையாளம் காட்டும். தெளிந்து ஓடிய பீலி திடீரென்று சேறாகும், அல்லது வற்றும். இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பும். நேராக நின்ற சவுக்கு மரங்கள் ஒரே பக்கம் சாயும். சுவரிலும் தரையிலும் வெடிப்பு நீளும், கதவு நிலையில் இறுகும். இவற்றை இன்று துண்டுப்பிரசுரமாக அச்சடித்துத் தருகிறார்கள், நல்லது. மலையோடு பழகிய கண் அந்தப் பிரசுரம் வருமுன்னே இவற்றைப் பார்த்துவிடும். மழைக்கு முன் புல் சாய்வதைக் கவனிக்கப் பழகியவனுக்கு மரம் சாய்வதும் தெரியும். மந்தியின் குரல் மாறியதைக் கேட்டவள் பீலியின் சத்தம் மாறியதையும் கேட்பாள். பெரியப்பா கற்றுத்தந்தது மிருகத்திடமிருந்து தப்பும் வித்தை என்று அன்று நினைத்தேன். மலையோடு வாழும் வித்தை அது என்று, மீரியபெத்தைக்குப் பிறகு எனக்குத் தெளிவானது.

அந்தப் பழக்கம் எங்கள் பிள்ளைகளிடமிருந்து விலகிக்கொண்டிருக்கிறது. எரிவாயு அடுப்பு வந்த வீட்டில் விறகுக்குப் போவதில்லை. அது நல்லதே, பெண்களின் முதுகு தப்பியது. படிக்கிற பிள்ளை பதுளைக்கும் கொழும்புக்கும் போகிறது, அதுவும் நல்லதே. ஆனால் லயத்துக்குப் பின்னால் நிற்கும் மலையில் ஒரு தடவையும் ஏறாமலே பத்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகளை நான் படிப்பித்திருக்கிறேன். அவர்களுடைய மலையைப் பார்க்க ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மலையேறுவது வெளிநாட்டுக்காரர் செய்கிற வேலை என்று அந்தப் பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. காட்டோரத்துத் தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றும் கச்சான் காலத்தில் ஒரு நாள், பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போகட்டும். கூட ஒரு பழைய வாச்சரையோ, கொழுந்தெடுத்து ஓய்ந்த ஒரு அப்பாயியையோ கூட்டிப் போகட்டும். பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளும் வரட்டும், தேனெடுக்கவும் மூலிகைக்கும் இந்தக் காட்டில் நடந்த அவர்களுடைய தாத்தாமாருக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. பிள்ளைகள் கேட்டதை எழுதிவைக்கட்டும். எந்தத் தொங்கலில் மரை இறங்கும், எந்தப் பீலி எந்த மாதம் வற்றும், எந்தக் கல்லுக்கு என்ன பெயர் என்று. ஆங்கிலம் சரளமாக வராததாலும் கட்டணம் கட்ட முடியாததாலும் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் வழிகாட்டி உரிமத்துக்கு எட்டாமல் நிற்கும் தோட்டத்து இளைஞருக்கு அந்தப் பயிற்சியைத் தமிழில் கொடுக்கலாம். அவர்கள் காலடியை வாசித்துப் பழகியவர்கள், ஆங்கிலத்தை ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுடைய பாதையில் வரும் பணத்தில் ஒரு பங்கு அவர்களுடைய லயத்துக்கும் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, சரியாத ஒரு துண்டு நிலத்தில் உறுதிப்பத்திரத்தோடு வீடு வேண்டும். மழை பெய்கிற இரவில் மலையைப் பார்த்து உயிர் நடுங்குகிறவனை, பகலில் அதே மலையின் அழகை விவரிக்கச் சொல்வது நியாயம் ஆகாது.

நமுனுகுலையில் இனி யார் ஏறினாலும் அவர்களுக்கு முன்னால் நடக்க, நின்று கேட்கத் தெரிந்த ஒரு தோட்டத்துப் பிள்ளை இருக்க வேண்டும். பெரியப்பா காலத்தில் அந்த நடைக்குக் கூலி இல்லை, பெயரும் இல்லை. இந்தத் தலைமுறையில் அதற்குக் கூலியும் பெயரும் கிடைக்க வேண்டும். மிருகத்துக்கு அதன் வழியை விட்டுக்கொடுத்த மக்களுக்கு, நாடு அவர்களுடைய வழியை விட்டுக்கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது.